வானத்துக்குப் போன வாயாடி

காலை 6 மணி. நியூயார்க் நகரம். இன்னும் பொழுது விடியவில்லை.

பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் கார்கள் எறும்புபோல ஊர்ந்து செல்கின்றன. வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் அவை.

ஒரு காரில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து இருக்கிறார். திடீர் என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை!

அடுத்த காரில் இருப்பவரும் சிரிக்கிறார். அதற்கு அடுத்த காரிலும் அதே சிரிப்பு!

இவர்களுக்கு என்ன பைத்தியமா? இல்லை. காரில் இருந்த ரேடியோதான் காரணம். எல்லா ரேடியோவிலும் ஒரே குரல் பேசிக்கொண்டு இருந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஹோவர்ட் ஸ்டெர்ன்.

20 ஆண்டுக்காலம் இந்தக் காட்சி நடந்தது. 2005-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதியோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு ஸ்டெர்ன் பேச்சைக் கேட்க வேண்டுமானால், மாதம் 12 டாலர் 95 சென்ட் சந்தா கட்ட வேண்டும் என்று ஆயிற்று.

இத்தனை நாளும் சும்மா கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் பணம் கட்டினார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

எங்கோ அமெரிக்காவில் நடந்த கதைதான். ஆனாலும், வீட்டில் ரேடியோவும், டெலிவிஷனும், கையில் போனும் வைத்து இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது.

யார் இந்த ஸ்டெர்ன்?

ஸ்டெர்ன் 1954-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். 6 அடி 5 அங்குல உயரம். தோள்வரை தொங்கும் சுருட்டை முடி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவருடைய தந்தை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் பங்குதாரர். ஆகவே, "மைக்" என்பது பையனுக்குச் சிறு வயதிலேயே பழக்கமான பொருள்.

1976-ம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு சிறிய வானொலி நிலையங்களில் வேலை பார்த்தார். ஹார்ட்போர்டு, டெட்ராய்ட், வாஷிங்டன் என்று ஊர் ஊராக மாறினார்.

1981-ல் வாஷிங்டனில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயர் ராபின் குவிவர்ஸ். நர்ஸ் படிப்புப் படித்தவர். அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர். செய்தி வாசிக்க வந்த அவர், ஸ்டெர்ன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசும் கூட்டாளி ஆகிவிட்டார்.

1982-ல் நியூயார்க்கில் ஒரு பெரிய நிலையத்தில் வேலை. 1985-ல் அங்கே வேலை போயிற்று! காரணம், அவருடைய வாய். இரண்டே மாதத்தில் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.கே. என்ற இன்னொரு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. அதற்கும் காரணம் அதே வாய்தான்!

"வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது பழமொழி. "தவளை தன் வாயால் கெடும்" என்பதும் பழமொழி. ஸ்டெர்ன் விஷயத்தில் இரண்டும் மாறி மாறிப் பலித்தன.

1986 முதல் அவருடைய காலை நிகழ்ச்சி பிற நகரங்களுக்கும் பரவியது. கேட்பவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லப்பட்டது.

அப்படி என்ன பேசினார்?

அதை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது!

படுக்கை அறைப் பேச்சு, அந்தரங்கப் பேச்சு, பெரிய மனிதர்களைக் கேலி செய்யும் பேச்சு, கைகால் ஊனம் உற்றவர்களையும் குடிகாரர்களையும்கூட விட்டு வைக்காத பேச்சு. இப்படிக் கேட்பவரைத் திடுக்கிட வைத்துப் பிழைப்பவர்களை "அதிர்ச்சி அறிவிப்பாளர்" என்று அமெரிக்காவில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஸ்டெர்ன்தான் ராஜா.

இதை ஏன் இவ்வளவு பேர் விரும்பிக் கேட்டார்கள்?

ஆபாசம் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியது இல்லை. ஆனால், அது மட்டும் காரணம் அல்ல.

மற்ற அறிவிப்பாளர்கள் தேன் ஒழுகப் பேசினார்கள். "இனிய காலை, இதோ அடுத்த பாட்டு" என்று சிரித்தார்கள். ஸ்டெர்ன் அப்படிச் சிரிக்கவில்லை. தன் பயம், தன் பொறாமை, தன் வீட்டுச் சண்டை ஆகியவற்றை எல்லாம் வெட்கம் இல்லாமல் கொட்டினார். தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொண்டார். லாரி ஓட்டுகிறவரும், கட்டிட வேலைக்குப் போகிறவரும், "நம் மனதில் இருப்பதை இந்த ஆள் வெளியே சொல்கிறான்" என்று நினைத்தார்கள்.

தினமும் நாலு மணி நேரம் காதருகே பேசுகிறவர், நாளடைவில் வீட்டு மனிதர்போல ஆகிவிடுகிறார். ரேடியோவின் மாயம் அது.

அபராதத்துக்கு மேல் அபராதம்

அமெரிக்காவில் வானொலியைக் கண்காணிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. 1934-ல் ஏற்பட்டது. மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் என்று அதைச் சொல்லலாம்.

பேச்சுரிமையைப் பெரிதாகப் போற்றும் நாடு அமெரிக்கா. பத்திரிகையில் எழுதலாம். மேடையில் பேசலாம். பிறகு ரேடியோவுக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு?

அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பகல் 2 மணி. ஒரு தந்தை தம் மகனுடன் காரில் போய்க்கொண்டு இருந்தார். ரேடியோவைத் திருப்பினார். நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் கார்லின் பேசிய பேச்சு ஒன்று ஒலிபரப்பானது. சபையில் சொல்லக் கூடாத வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிக் கேலி செய்யும் பேச்சு அது. மகனை வைத்துக்கொண்டு அதைக் கேட்ட தந்தைக்குக் கோபம் வந்தது. ஆணையத்துக்குப் புகார் எழுதினார்.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1978-ல் தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். 4 பேர் எதிர்த்தார்கள்.

ரேடியோ வீட்டுக்குள் தானாக நுழைகிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் அது கேட்கிறது. ஆகவே, அதற்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். இதுதான் தீர்ப்பின் சாரம். குழந்தைகள் தூங்கும் நேரத்துக்கு இந்தத் தடை வேண்டாம் என்று பிற்காலத்தில் ஒரு விதி வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அந்த நேரம்.

ஸ்டெர்ன் பேசியது எப்போது? காலை 6 மணிக்குப் பிறகு! பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் வேளையில்!

விடுமா ஆணையம்? அபராதம் போட்டது. மீண்டும் போட்டது. அபராதம் பேசுகிறவருக்கு அல்ல. ஒலிபரப்பும் நிலையத்தின் முதலாளிக்கு. 1995-ல் அந்த முதலாளிக் கம்பெனி 17 லட்சம் டாலர் கட்டித் தகராறைத் தீர்த்துக்கொண்டது.

2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி இன்னொரு சம்பவம் நடந்தது. நாடே பார்க்கும் கால்பந்தாட்ட இறுதிப் போட்டி. இடைவேளையில் பாட்டுக் கச்சேரி. பாடகி ஜேனட் ஜாக்சனின் மேலாடை ஒரு கணம் விலகியது. கோடிக்கணக்கான வீடுகளில் குடும்பத்தோடு டெலிவிஷன் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பெரிய கூச்சல் எழுந்தது.

அந்தக் காற்று ஸ்டெர்ன் பக்கமும் வீசியது. அதே மாதம் கிளியர் சேனல் என்ற கம்பெனி, தன் 6 நிலையங்களில் அவருடைய நிகழ்ச்சியை நிறுத்தியது. ஏப்ரல் மாதம் அந்தக் கம்பெனிக்கு 4 லட்சத்து 95 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது.

பூமியில் இடம் குறுகியது. ஸ்டெர்ன் வானத்தைப் பார்த்தார்.

50 கோடி டாலர்!

2004-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி ஒரு செய்தி வெடித்தது. "சிரியஸ்" என்ற கம்பெனியுடன் ஸ்டெர்ன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 5 ஆண்டு. 50 கோடி டாலர். 2006 ஜனவரி முதல் தொடக்கம்.

சிரியஸ் என்பது துணைக்கோள் வானொலி. அது என்ன?

சாதாரண ரேடியோவுக்கு ஊரில் ஒரு கோபுரம் இருக்கும். அந்தக் கோபுரத்தை விட்டுத் தூரம் போனால் சத்தம் தேயும். பிறகு வெறும் கரகரப்புதான். துணைக்கோள் வானொலிக்கு வானத்தில் சுற்றும் செயற்கைச் சந்திரன்தான் கோபுரம். நிலையத்தில் பேசும் பேச்சு முதலில் மேலே போகிறது. அங்கே இருந்து நாடு முழுவதும் மழைபோல இறங்குகிறது. நியூயார்க்கில் கேட்கத் தொடங்கிய பேச்சை 4,000 கிலோமீட்டர் தாண்டிக் கலிபோர்னியாவிலும் கேட்டுக்கொண்டே போகலாம். உயர்ந்த கட்டிடங்கள் மறைக்கும் நகரங்களில், மறைப்பைச் சரிக்கட்டத் தரையிலும் சிறு கருவிகளை வைத்தார்கள். சிரியஸ் கம்பெனி 2000-ம் ஆண்டில் இப்படி 3 துணைக்கோள்களை விட்டது.

ஆனால், இதைக் கேட்கத் தனி ரேடியோப் பெட்டி வாங்க வேண்டும். மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெட்டி ஊமை!

இங்கேதான் சட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. பணம் கட்டிப் பெட்டி வாங்கியவர் வீட்டுக்குத்தான் இந்தப் பேச்சு போகிறது. தானாக யார் வீட்டுக்கும் நுழையவில்லை. ஆகவே, ஆபாசப் பேச்சுக்கான அபராத விதி இதற்கு இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆள் ஆண்டுக்குக் கட்டும் சந்தா 155 டாலர் 40 சென்ட். ஸ்டெர்ன் நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலர். இந்தத் தொகைக்கு மட்டும் சுமார் 6 லட்சத்து 43 ஆயிரம் பேருடைய முழுச் சந்தாவும் வேண்டும். ஒப்பந்தம் செய்தபோது சிரியஸ் கம்பெனிக்கு இருந்த வாடிக்கையாளர்களே 6 லட்சத்துச் சொச்சம்தான்! கையில் இருந்த வருமானம் முழுவதையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதுபோல ஆயிற்று.

அவ்வளவு நம்பிக்கை எதன்மேல்? ஸ்டெர்ன் மேல் அல்ல. அவருடைய ரசிகர்கள் மேல்!

ரசிகர் கூட்டம் அலைமோதியது

2004-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி நியூயார்க்கில் யூனியன் சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது. ஸ்டெர்ன் மேடை ஏறினார். ஆணையத்தைச் சாடினார். சிரியஸ் ரேடியோப் பெட்டிகளை இலவசமாக வழங்கினார். அரசியல் கூட்டம்போல ஆரவாரம்!

பழைய நிலையத்தில் அவருக்கு இன்னும் ஓர் ஆண்டு வேலை பாக்கி இருந்தது. சம்பளம் கொடுப்பது ஒரு முதலாளி. தினமும் விளம்பரம் கிடைப்பது இன்னொரு முதலாளிக்கு! பொறுத்துப் பார்த்த நிலையம், ஒரு நாள் அவரை ஒலிபரப்பில் இருந்து விலக்கி வைத்தது. மறுநாள் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

2005 டிசம்பர் 16-ந் தேதி கடைசி நிகழ்ச்சி. நிலையத்துக்கு வெளியே தெருவில் மேடை போட்டு இருந்தார்கள். மார்கழிக் குளிரில் ஆயிரக் கணக்கானவர்கள் கூடி நின்றார்கள். ஸ்டெர்ன் நன்றி சொல்லி விடைபெற்றார்.

2006 ஜனவரி 9-ந் தேதி வானத்தில் இருந்து அவர் குரல் ஒலித்தது.

ரசிகர்கள் மூன்று வகை

முதல் வகையினர் பின்னாலேயே போனவர்கள். "மாதம் 13 டாலர் ஒரு பணமா? இரண்டு நாள் காப்பிச் செலவு" என்று கணக்குப் பார்த்தார்கள். விளம்பரத் தொல்லை குறைவு, வெட்டு இல்லை, தடை இல்லை என்று மகிழ்ந்தார்கள். இவர்களுடைய பலத்தைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2004 முடிவில் சிரியஸ் வாடிக்கையாளர்கள் சுமார் 11 லட்சம். 2005 முடிவில் 33 லட்சம். 2006 முடிவில் 60 லட்சம்! குறித்த இலக்கைத் தாண்டியதற்காக ஸ்டெர்னுக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் 2006 ஜனவரியில் 3 கோடியே 44 லட்சம் பங்குகள் கிடைத்தன. மதிப்பு சுமார் 22 கோடி டாலர்.

இரண்டாம் வகையினர் கோபித்தவர்கள். "ஏழை பாழைக்காகப் பேசுகிறேன் என்றாரே! இப்போது காசு உள்ளவனுக்கு மட்டும் பேசப் போகிறாரே!" என்று கேட்டார்கள். "அவர் போராளி என்று நினைத்தோம். வியாபாரி என்று தெரிந்தது" என்றார்கள்.

மூன்றாம் வகையினர்தான் அதிகம். அவர்கள் கோபிக்கவும் இல்லை. கொண்டாடவும் இல்லை. வேறு பேச்சு, வேறு பாட்டு என்று போய்விட்டார்கள். ஒரு கோடிக்கு மேல் கேட்டார்கள் என்று சொன்னோம். 2006 முடிவில் சிரியஸ் வாடிக்கையாளர் மொத்தமே 60 லட்சம். அத்தனை பேரும் ஸ்டெர்னுக்காகவே வந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பழைய ரசிகர்களில் பெரும் பகுதி வரவில்லை என்பது தெளிவு.

கைதட்டுகிறவர் எல்லாம் காசு கொடுப்பவர் அல்ல. இதை எந்த நாடகக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

காலி நாற்காலி

ஸ்டெர்ன் விட்டுப்போன நாற்காலி என்ன ஆயிற்று?

பழைய கம்பெனி தன் பேச்சு நிலையங்களுக்கு "இலவச எப்.எம்." என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. "அங்கே காசு, இங்கே இலவசம்" என்று சொல்லாமல் சொன்னது! நியூயார்க்கில் ஸ்டெர்ன் இடத்தில் டேவிட் லீ ராத் என்ற பாடகரை உட்கார வைத்தார்கள். ஜனவரியில் வந்தவர் ஏப்ரலில் போய்விட்டார். 2007 மே மாதம் அந்த நிலையம் பேச்சை விட்டுப் பழையபடி பாட்டுக்குத் திரும்பியது.

கம்பெனி கோர்ட்டுக்கும் போயிற்று. எங்கள் மைக்கில் பேசி இன்னொரு கம்பெனியை வளர்த்தார் என்பது புகார். 2006 மே மாதம் சமரசம் ஆயிற்று. சிரியஸ் 20 லட்சம் டாலர் கொடுத்து, ஸ்டெர்னின் பழைய ஒலிப்பதிவுகளை வாங்கிக்கொண்டது. அவை எவ்வளவு நேரம் ஓடும் தெரியுமா? சுமார் 23 ஆயிரம் மணி!

பூட்டு இல்லாத வாய்

இனித்தான் கதையின் சுவையான பகுதி வருகிறது.

வானத்தில் அபராதம் இல்லை. எதையும் பேசலாம். முதலில் ஸ்டெர்ன் இஷ்டம்போலப் பேசினார். நாளாக ஆக என்ன ஆயிற்று?

பேச்சு அடங்கியது! பேட்டி காண்பதில் பெயர் எடுத்தார். நடிகர்களும் பாடகர்களும் வந்து உட்கார்ந்து மனம் திறந்து பேசினார்கள். 2012-ல் அமெரிக்க வானொலிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அதே ஆண்டு, குடும்பத்தோடு பார்க்கும் டெலிவிஷன் திறமைப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்தார்.

2019-ல் தம் பேட்டிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தச் சமயத்தில் பழைய நாட்களைப் பற்றி வருத்தப்பட்டார். மனநல வைத்தியரிடம் பல ஆண்டு பேசிப் பேசித் தம் கோபத்தைப் புரிந்துகொண்டதாகச் சொன்னார். வந்த விருந்தினர்களை மதிக்காமல் நடந்ததை எண்ணி வெட்கப்பட்டார். நடிகர் ராபின் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். அவரிடம் மன்னிப்புக் கேட்க ஸ்டெர்ன் நினைத்து இருந்தார். கேட்பதற்குள் 2014-ல் வில்லியம்ஸ் இறந்துவிட்டார்.

ஆணையத்தின் அபராதம் செய்ய முடியாத வேலையை வயதும் மனச்சாட்சியும் செய்தன!

இதற்குப் பழைய ரசிகர்கள் மகிழ்ந்தார்களா? எல்லோரும் மகிழவில்லை. "பழைய ஸ்டெர்ன் எங்கே?" என்று குறைப்பட்டவர்கள் உண்டு. "பல் பிடுங்கிய பாம்பு ஆகிவிட்டார்" என்று சலித்தவர்கள் உண்டு. பலர் நன்றாக இருக்கிறது என்று தொடர்ந்து கேட்டார்கள். 2010, 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

நம் ஊரிலும் வந்தது

துணைக்கோள் வானொலி நம் ஊருக்கும் வந்து இருந்தது. "வேர்ல்டு ஸ்பேஸ்" என்று பெயர். 2000-ம் ஆண்டில் விட்ட "ஆசியா ஸ்டார்" என்ற துணைக்கோளில் இருந்து பாட்டு இறங்கியது. தமிழுக்கும் தனி அலைவரிசை இருந்தது. ஏ.ஆர். ரகுமான் அதற்கு முத்திரை இசை அமைத்தார். தனிப் பெட்டி, தனிச் சந்தா. ஆனால், தாய்க் கம்பெனி கடனில் மூழ்கியது. 2009 டிசம்பர் 31-ந் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. பெட்டி வாங்கியவர்கள் பெட்டியைப் பரண்மேல் போட்டார்கள்.

சிரியசுக்கும் கஷ்டம் வந்தது. 2008 ஜூலையில் போட்டிக் கம்பெனியான எக்ஸ்.எம்.முடன் இணைந்தது. 2009 பிப்ரவரியில் திவாலாகும் நிலைமை. லிபர்ட்டி மீடியா என்ற கம்பெனி 53 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அதனால் பிழைத்தது.

ரேடியோவுக்குப் பணம் கட்டுவது நமக்குப் புதிது அல்ல. நம் தாத்தா காலத்தில் ரேடியோ வைத்து இருந்தால் தபால் ஆபீசில் லைசென்சுக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால், ஒரு வீட்டுக்காரர் கட்டினால் தெருவே திண்ணையில் உட்கார்ந்து கேட்டது! பக்கத்து வீட்டுக் குழந்தையை யாரும் "நீ பணம் கட்டவில்லை, எழுந்து போ" என்று சொல்லவில்லை. அது பொதுச்சொத்துப்போல இருந்தது.

நம் தீர்ப்பு என்ன?

ஸ்டெர்ன் போனது சரியா, தப்பா?

ஒரு விதத்தில் சரி. பொதுத் தெருவில் நின்று பேசுவது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு, டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் பேசுவது வேறு. தெரு குழந்தைக்கும் சொந்தம். பாட்டிக்கும் சொந்தம். மகனுடன் காரில் போன தந்தைக்கும் சொந்தம். அங்கே பேசுகிறவர் நாலு பேரை நினைத்துத்தான் பேச வேண்டும். தம் பேச்சு தெருவுக்கு ஒத்துவராது என்றால், கதவுக்குள் போய்விடுவது நல்லது. விரும்பியவர் தேடிப் போகட்டும். விரும்பாதவர் நிம்மதியாக இருக்கட்டும்.

ஆனால், இதைப் பேச்சுரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று ரசிகர்கள் கொண்டாடியதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஸ்டெர்ன் போன பிறகு தெருவில் என்ன நடந்தது? 2006 ஜூன் மாதம் புதுச் சட்டம் வந்தது. ஒரு குற்றத்துக்கு 32 ஆயிரத்து 500 டாலர் என்று இருந்த உச்ச அபராதம், 3 லட்சத்து 25 ஆயிரம் டாலர் ஆயிற்று. பத்து மடங்கு! பெரிய வாயாடி வானத்துக்குப் போய்விட்டார். பாரம் முழுவதும் தரையில் இருந்த சிறு நிலையங்களின் தலையில் விழுந்தது.

விதி தப்பு என்றால், நின்று வாதாடி விதியை மாற்றுவது போராட்டம். விலை கொடுத்து விதியைத் தாண்டிப் போவது வசதி. இரண்டும் ஒன்று அல்ல. வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய்விட்டால், தரையில் இருப்பவர்களுக்காகக் கேட்க ஆள் இருக்காது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் எல்லாவற்றிலும் நாம் பார்க்கிற சங்கதி இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டெர்ன் பேச்சில் அடிபட்டவர்கள் பலர். அவர்கள் அழுதபோது சிரித்தது யார்? ரசிகர்கள்தான். ஸ்டெர்ன் பிற்காலத்தில் வருத்தப்பட்டார். அப்போதும் "பழைய கேலி எங்கே?" என்று கேட்டவர்கள், அந்த வருத்தத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைக்கவில்லை. பேசுகிறவன் பாதி, கேட்கிறவன் பாதி. கேட்க ஆள் இல்லாவிட்டால் எந்த வாயாடியும் தானாக அடங்கிவிடுவான்.

நம் வீட்டில் என்ன செய்வது?

இன்று தெருவுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது. துணைக்கோள் வேண்டாம். தனிப் பெட்டி வேண்டாம். ஒரு போன் போதும். உலகத்தில் உள்ள அத்தனை வாயாடிகளும் நம் பிள்ளையின் காதில் வந்து பேசுகிறார்கள். எந்த ஆணையமும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது.

ஆகவே, காவல் வீட்டுக்குள்தான் வேண்டும். அடித்துப் பிடுங்குவது காவல் அல்ல. "நீ என்ன கேட்கிறாய்? எனக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டு" என்று பக்கத்தில் உட்காருவதுதான் காவல். சிரிக்க வேண்டியதாக இருந்தால் சேர்ந்து சிரிக்கலாம். ஒருவரைப் புண்படுத்திச் சிரிக்கிற சிரிப்பாக இருந்தால், "இதே கேலியை நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் செய்தால் சிரிப்பாயா?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி, லட்சம் டாலர் அபராதத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

நியூயார்க் பாலத்தில் காரில் போனவர் தனியாகச் சிரித்தார். பக்கத்தில் தம் குழந்தை உட்கார்ந்து இருந்தால், அதே பேச்சுக்கு அப்படிச் சிரித்து இருப்பாரா?

அதை யோசித்துப் பார்த்து, சிலர் ரேடியோவை நிறுத்தி இருப்பார்கள். ரேடியோவைத் திருப்புகிற குமிழ் எப்போதும் கேட்பவர் கையில்தான் இருந்தது. இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.